கரைவழிச் சைக்கிள்

ஒரகடம் கூட்டுரோட்டில் இன்று சைக்கிள் மிதித்து வருபவர் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்த பையனாக இருப்பான். கண்டெய்னர் லாரிக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவே கிடைக்கிற ஒரு முழ இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவான். உள்ளூர்க்காரர்கள் சைக்கிளை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்தச் சைக்கிள்கள் தார்ரோட்டை அதிகம் கண்டதில்லை. அவை ஓடியது ஏரிக்கரையில்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் நைனா படப்பையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஓலைச் சார்ப்பு, எண்ணெய் பிசுக்கேறிய ஒரு பலகை, டியூபை அமுக்கிக் குமிழ் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் போட்ட சில சைக்கிள்கள், ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், எடுத்த நேரம். மணிக்குக் கால் ரூபாய். வண்டியைக் கொடுக்கும் முன் நைனா எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: “ரோட்டு வழியா, கரை வழியா?” ரோடு என்றால் பிரேக்கையும் பெல்லையும் சரிபார்ப்பார்; இருட்டும் நேரமானால் டைனமோ எரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார். லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடித்துக்கொள்கிற காலம் அது. கரை என்றால் டயரை விரலால் தடவி முள் தேடுவார், கேரியர் நட்டை ஒரு சுற்று இறுக்குவார். நோட்டின் ஓரத்தில் ‘க’ என்று ஒரு குறி விழும். முக்கால்வாசிப் பக்கங்களில் ‘க’தான்.

அந்தக் கரைகள் எப்படி வந்தன என்பதற்குத் தரையைப் பார்க்க வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381, செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 என்று அரசின் நீர்வளத்துறைப் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள். ஊராட்சிப் பொறுப்பில் உள்ள சின்ன ஏரி, தாங்கல், குளம் எல்லாம் தனி. மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிற நிலம் இது. நடுநடுவே பாறைக்குன்றுகள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டுகிற மழைதான் வருஷத்துக்கும். வற்றாத ஆறு கிடையாது. ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறை போல மண்ணைக் கொட்டி உயர்த்தி, ஓடுகிற தண்ணீரை நிறுத்தினார்கள். குன்று வாகாக இருந்த இடத்தில் கரையின் ஒரு முனையை அதில் முட்டவிட்டார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி சேர்ந்துதான் அடையாறாகச் சென்னைக்குள் போகிறது. தண்ணீர் ஊரூராய் இறங்கிப் போனது போலவே கரைகளும் ஊரூராய்த் தொடர்ந்தன. ஒரு ஏரியின் கரையை விட்டு இறங்கி, ஒரு வரப்போ வண்டிப்பாட்டையோ கடந்தால் அடுத்த கரை.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் எங்கள் பக்கத்துக்கு வேண்டிய இரண்டு சேதிகள் இருக்கின்றன. ஒன்று, அவனுடைய பாட்டன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாக மணிமங்கலத்தைச் சொல்கிறது. இன்னொன்று, கூரத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரும்பிடுகு வாய்க்காலையும் பேசுகிறது. சண்டையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், வாய்க்காலைப் படிக்கவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பேர்போனவை. அந்தத் தேர்தலில் அமைத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அந்த ஊர் வைரமேக தடாகத்தில் வண்டல் எடுக்கப் பொன் வைத்துப்போனவர்களின் கொடைகளும் அதே ஊர்க் கல்வெட்டுகளில் உண்டு. எடுத்த வண்டலைக் கரையில் போட்டு, மிதித்துக் கெட்டிப்படுத்துவதுதான் மராமத்து. அந்த மிதியிலிருந்து பிறந்ததுதான் கரைமேல் பாதை.

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகக் கும்பினியார் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்கில், களத்தில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் ஒதுக்குவது போல ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அந்த யுத்த வருஷங்களில் குடிகள் ஊரை விட்டு ஓட, கரைகள் கேட்பாரற்றுப் போயின. 1794இலிருந்து 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் பல ஏரிகளைப் பழுதுபார்த்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் துரை இவர்தான். ஆனாலும், வரியை ஒட்ட வாங்கிக்கொண்டு ஏரிக்கான பங்கை நிறுத்திய பிறகு ஊருக்குக் கரையின் மேல் இருந்த பிடிப்பு தளர்ந்தது. ஊரே கூடிக் கரையைச் சீர்செய்கிற குடிமராமத்தைக் கட்டாயமாக்க 1858இல் சட்டமே போட வேண்டி வந்தது.

சட்டத்தால் வராத காவல் நடையால் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மதகைத் திறந்து மூடுவதும், கழனிக்குக் கழனி முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், மழை ராத்திரியில் லாந்தரும் மண்வெட்டியுமாகக் கரையைச் சுற்றி வருவதும் அவர் வேலை. தலைமுறை தலைமுறையாகக் காலனியில் இருந்த தலித் குடும்பங்கள் தலையில்தான் இந்த வேலை விழுந்தது. அவர் ஒருவர் பார்த்தால் போதாது. நண்டு வளையும் எலி வளையும் கரையைக் குடைந்துகொண்டே இருக்கும். ஒரு வளை ஊற்றாகி, ஊற்று உடைப்பாக ஒரு ராத்திரி போதும். கரைமேல் போகிற பால்காரரும் தபால்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும்தான் அவருக்குக் கண். “மூணாம் மதகுக்கு அந்தாண்ட அடிக்கரை சொதசொதன்னு இருக்குது, மாமா” என்று போகிற போக்கில் யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று சாயங்காலம் அங்கே களிமண்ணும் வைக்கோலும் போய்ச் சேரும்.

சைக்கிள் இந்தக் காட்சிக்குள் வந்தது பிறகுதான். முதலில் ராலே, ஹம்பர் என்று சீமையிலிருந்து கப்பலில் வந்தவை கணக்குப்பிள்ளைக்கும் வாத்தியாருக்கும்தான் எட்டின. 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டாக டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வரத் தொடங்கியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அம்பத்தூர் தூரமில்லை. நைனா வாங்கிய முதல் வண்டிகள் நாலும் செகண்ட்ஹேண்ட் ஹெர்குலிஸ். பிரேமைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்மூரு இரும்பு” என்பார்.

ஹெர்குலிஸ் கரைக்கென்றே செய்தது போல இருந்தது. கனமான பிரேம், அகன்ற டயர், இரண்டு பால் கேனைத் தாங்குகிற கேரியர். கரைப்பாதை நடுவில் ஒற்றைத் தடமாக வெள்ளையாகத் தேய்ந்திருக்கும், இரண்டு பக்கமும் அருகம்புல். மேற்கே தண்ணீர், கிழக்கே ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து ஏரியைத் தாண்டி வந்து பக்கவாட்டில் அடிக்கும்; ஹேண்டில்பாரைக் கொஞ்சம் ஏரிப்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் கழனியில்தான் போய் விழ வேண்டும். பனைமரங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் காற்று விட்டுவிட்டு வரும், அங்கே இன்னும் கஷ்டம். மதகு வந்தால் இறங்கியே ஆக வேண்டும்; தூம்புக் கல்லுக்கும் கரை விளிம்புக்கும் நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகத்தான் இடமிருக்கும்.

கலங்கல் வேறு கதை. கரையின் முனையில், உபரி வழிய விட்ட கற்கட்டு அது. மேலே வரிசையாக அணைக்கற்கள் நட்டிருக்கும்; மழை ஓய்ந்து வெள்ள பயம் தீர்ந்த பின் அந்தக் கற்களுக்கு இடையில் பலகையும் மண்ணும் அடைத்து இன்னும் ஓரிரு அடி தண்ணீரை நிறுத்திக்கொள்வார்கள். கார்த்திகையில் அதன்மேல் கணுக்காலளவு தண்ணீர் வழியும். கீழே பாசி. செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அணைக்கல்லாகப் பிடித்துக் கடக்க வேண்டும். பாசியில் வழுக்கி வண்டியோடு விழுந்தவர்களின் சைக்கிள், கோன் கப்பில் நீர் புகுந்து, மறுநாள் ஓவராயிலுக்கு எங்கள் கடைக்கு வந்து நிற்கும். மழைக்காலம்தான் நைனாவுக்கு வருமானம்.

கரைவழியைத் தேடிப் போனதற்குத் தூரமும் நிழலும் மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் சைக்கிள் மிதித்துப் போக முடியாது. தெரு தொடங்கும் இடத்தில் இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரமும் இதற்கு விலக்கில்லை. ஏரிக்கரையில் தெரு கிடையாது, திண்ணை கிடையாது. என்னோடு படித்த காலனிப் பையன் ஒருவன் ஊரைச் சுற்றி இரண்டு மைல் கூடுதலாக மிதித்துக் கரைவழியாகவே பள்ளிக்கு வருவான். நேர்வழி இருக்கும்போது ஏன் சுற்றுகிறாய் என்று கேட்டதற்கு, “அங்க எறங்கணும்டா, இங்க எறங்க வேணாம்” என்றான். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதிலிருந்து அவன் இறங்கியது மதகிலும் கலங்கலிலும் மட்டும்தான்.

பெண்கள் சைக்கிள் மிதித்தது இன்னும் பின்னால். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றது நாடு முழுக்கப் பேச்சானது. எங்கள் பக்கத்தில் அந்த அலை வந்தது 2001க்குப் பிறகு, ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது. பிறகு 2005 வாக்கில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று திட்டம் விரிந்தது. சீருடையும் இரட்டைச் சடையுமாக நாலைந்து பெண்கள் வரிசையாகக் கரைமேல் போவதைக் கடைசியாகப் பார்த்த தலைமுறை எங்களுடையது. அவர்களுக்குக் கீழே கிழக்குப் பக்கத்தில் அப்போதே நெல் இல்லை.

1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நட்டார்கள். 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2013இல் ராயல் என்ஃபீல்டு. வேடிக்கை என்னவென்றால், புல்லட் செய்கிற இந்தக் கம்பெனியும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் சைக்கிள் செய்துதான் ஆரம்பித்தது. முதல் மோட்டார் சைக்கிள் 1901இல்தான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையையும் அகலப்படுத்தினார்கள், கூட்டுரோட்டில் மேம்பாலம் எழுந்தது. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். நோக்கியாவுக்குப் போன பெண்களை வீட்டுக்குப் பக்கத்திலேயே பஸ் வந்து ஏற்றிக்கொண்டது. நானும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்து, ஷிப்ட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்து ரிட்டயர் ஆனவன்தான். வேலை வந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நைனா கடையின் வருமானத்தில் நடக்காத இரண்டு கல்யாணம் அந்தச் சம்பளத்தில் நடந்தது.

ஆனால் கரை தனியாகிப் போனது. ஆயக்கட்டு மனையாகவும் மதில்சுவராகவும் மாறிய ஏரிக்கு மதகைத் திறக்க வேலையில்லை; மதகு திறக்காத ஏரிக்கு நீர்க்கட்டி எதற்கு? பால்காரர் மோட்டார் சைக்கிளில் ரோட்டு வழியே போனார். ஆள் மிதிக்காத தடத்தில் இரண்டு மழைக்குள் சீமைக் கருவேலம் முளைத்தது, நாலு மழைக்குள் நுழைய முடியாமல் அடைத்தது. வேறு சில கரைகளில் இதற்கு நேரெதிர்: சாலை நெரிசலைத் தவிர்க்க டிப்பர் லாரிகள் ஏறின. சைக்கிள் டயரும் மாட்டுக் குளம்பும் மண்ணைக் கெட்டிப்படுத்தும், பத்து டன் லாரி அதைப் பிளந்து தடம் போடும். தடத்தில் மழைநீர் நின்று ஊறி உள்ளே இறங்கும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததை நாடே பேசியது. அதற்கு மேலே எங்கள் பக்கத்துச் சின்ன ஏரிகளில் எத்தனை கரை அந்த வாரம் கசிந்தது, எங்கே மணல்மூட்டை அடுக்கினோம் என்பதை ஊர்க்காரர்கள் மட்டும் பேசிக்கொண்டோம். 2017 மார்ச்சில் அரசு குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மணிமங்கலம் ஏரி. கரையைப் பலப்படுத்தினார்கள், மதகைச் சீர்செய்தார்கள். நல்ல காரியம். மிதிக்கிற காலுக்குத்தான் வழி சொல்லவில்லை.

மிதிக்கிற காலுக்கு வழி செய்து ஏரியையும் காப்பாற்றிய ஊர்கள் உலகில் உண்டு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்குக் குடிநீர் தருவது லாக் கேட்ரின் என்ற மலையேரி. 1859 அக்டோபரில் விக்டோரியா ராணி வந்து திறந்துவைத்த நீர்த்திட்டம் அது. வடகரையோரம் நீர்த்திட்டத்துக்கென்று ஒரு சாலை ஓடுகிறது. பொதுமக்களின் கார் அதில் போகக்கூடாது. நடப்பவரும் சைக்கிள்காரரும் போகலாம். டிராசாக்ஸிலிருந்து ஸ்ட்ரோனக்லாகர் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல், ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் தண்ணீர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாக் லூப்னைக் ஏரியோரம், 1965இல் மூடிய ரயில்பாதையின் மேலேயே சைக்கிள் வழி போட்டிருக்கிறார்கள். கிளாஸ்கோ வழியாக இன்வர்னஸ் போகிற 7ஆம் எண் தேசிய சைக்கிள் வழியில் அது ஒரு துண்டு. வேறு வேலைக்காகப் போட்ட தடத்தைச் சைக்கிளுக்கு விட்டதுதான் அவர்கள் செய்தது.

நம்மிடமும் அதே சரக்கு இருக்கிறது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு உள்ள செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. 2007இலிருந்து அங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் மெல்லிய டயருமாகச் சென்னைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதைப் பார்க்கிறேன். வரட்டும், சந்தோஷம். என் அக்கறை வேறு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவே ஊர்கள், ஊருக்கொரு ஏரி. இவர்களில் பலருக்கு வேலையிடமோ கடைத்தெருவோ சைக்கிள் தூரம்தான். ரோட்டில் மிதிக்கச் சொல்ல எந்தத் தகப்பனுக்கும் மனசு வராது.

வெயில் கொளுத்துமே, ராத்திரி ஷிப்ட்டுக்குக் கரை பத்திரமா என்று கேட்பார்கள். காலை ஷிப்ட்டுக்கு விடியும்போது கிளம்புகிறார்கள், அப்போது வெயில் இல்லை. ராத்திரி ஷிப்ட்டுக்குப் பஸ் ஓடட்டும், கரையைப் பகலுக்கு விட்டாலே போதும். ஏரிக்கு ஆபத்து வராதா என்பது சரியான கேள்வி. அதற்கு எங்கள் பழைய கரையிலேயே பதில் இருந்தது. மாட்டுவண்டி ஏறாமலிருக்க இரண்டு முனையிலும் ஆளுயரக் கருங்கல் இரண்டிரண்டு நட்டிருந்தார்கள். ஹேண்டில்பார் நுழையும், வண்டி அச்சு நுழையாது. அடுத்து ஒரு ஏரிக்கரையைப் பலப்படுத்த டெண்டர் விடும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன்: மேலே தார் வேண்டாம், கிராவல் கொட்டி உருட்டு, இரண்டு முனையிலும் கல் நடு. சைக்கிள் தானாக வரும். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கரைமேல் போனால், அடிக்கரை சொதசொதப்பது அன்றைக்கே யாராவது ஒருவர் கண்ணில் படும். அதைச் சொல்ல ஒரு போன் நம்பரை மதகில் பெயின்ட்டால் எழுதிவைத்தால் போதும், நீர்க்கட்டி இல்லாத குறை பாதி தீரும்.